பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அசிஸ்டென்ட் கோச் வேலை: அண்ணன் மகளுக்காகக் கேட்கிறேன்

எடிசன்வாசி

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை விடாமல் பார்க்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் கேட்கிறேன். என் அண்ணன் மகள் ஒரு டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கு) கல்லூரியில் நான்கு வருடம் பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவள்) ஆடிவிட்டு இந்த மே மாதம் பட்டம் வாங்குகிறாள். டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆசைப்பட்டு ஆடுவதுதான். இப்போது மேல் அடுக்கான டிவிஷன் 1 கல்லூரி ஒன்றின் பெண்கள் அணியில் கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாக இடம் வந்திருக்கிறது. இரண்டு வருட முதுகலைப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதாமாதம் கைச்செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள். கோச் ஆவதுதான் அவள் ஆசை.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை கணக்கில் கெட்டி, காப்பீட்டுக் கணக்கு நிபுணர் ஆவதற்கான ஆக்சுவரி தேர்வு எழுதலாம், அதை விட்டுவிட்டுப் பந்து பொறுக்கப் போகிறாளா என்கிறார். "ஹெட் கோச் ஆனால் சரி, ஆகாவிட்டால் ஆயுசுக்கும் அசிஸ்டென்ட்டா?" என்று அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் என்னிடம்தான் மனம்விட்டுப் பேசுவாள், சித்தப்பா நீங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள் என்கிறாள். விஷயம் தெரியாமல் நான் என்னவென்று சொல்வது? இந்த வேலை எப்படிப்பட்டது, எங்கே கொண்டுபோய் விடும், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கோர்ட்டோரம்

சார், உங்கள் அண்ணன் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், ஆயுசுக்கும் அசிஸ்டென்ட்டாக இருக்கலாம். அப்படி இருந்தே ஹால் ஆஃப் ஃபேமுக்கு (சாதனையாளர்களின் கௌரவப் பட்டியல்) போனவர் ஒருவர் உங்கள் ஊர்ப் பக்கம்தான் ஆடினார்.

எடிசனுக்கு அடுத்தாற்போல இருக்கும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1982இல் டெக்சஸை ஜெயித்து ஏஐஏடபிள்யூ சாம்பியன் ஆனது. பெண்கள் விளையாட்டுக்கென்று தனியாக இருந்த அந்த அமைப்பு நடத்திய கடைசிப் போட்டி அது. அந்த வருடம்தான் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய அமைப்பான என்சிஏஏ பெண்களுக்கென்று முதல்முறையாகச் சாம்பியன்ஷிப் நடத்தியது, அதை லூசியானா டெக் வென்றது. ஆக 1982இல் இரண்டு சாம்பியன்கள். ரட்கர்ஸ் அணியில் ஆடிய கிறிஸ் டெய்லி, லூசியானா டெக் அணியின் பாயிண்ட் கார்ட் கிம் மல்கி, இந்த இரண்டு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1985. அந்த வருடம் டெய்லி கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அசிஸ்டென்ட்டாகச் சேர்கிறார். மல்கி, 1984 ஒலிம்பிக் தங்கத்தை வாங்கி வந்த கையோடு, தான் படித்த லூசியானா டெக்கிலேயே ஹெட் கோச் லியான் பார்மோரிடம் அசிஸ்டென்ட் ஆகிறார். அதே 1985இல் டென்னசியில் ஹெட் கோச் பேட் சம்மிட்டிடம் இரண்டு பேர் வந்து சேர்கிறார்கள்: மிக்கி டிமாஸ், ஹாலி வார்லிக். நான்கு பெண்கள், ஒரே வருடம், ஒரே வேலை. நான்கு பேரின் வழியும் நான்கு விதமாகப் போயிற்று. இந்த வேலை என்ன என்று கேட்கிற அப்பாவுக்கு இந்த நான்கு பேரின் கதையைச் சொன்னாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் டெய்லி. கனெக்டிகட் 1985இல் ஜீனோ ஆரியெம்மாவை ஹெட் கோச்சாக எடுத்தது. அவரும் அதுவரை விர்ஜீனியாவில் டெபி ரையனிடம் அசிஸ்டென்ட்டாக இருந்தவர்தான். கனெக்டிகட் பெண்கள் அணி அதற்கு முன் தன் வரலாற்றிலேயே ஒரே ஒரு சீசனில்தான் தோல்வியைவிட அதிகம் வெற்றி பார்த்திருந்தது. பழைய ஃபீல்டு ஹவுஸில் மழை பெய்தால் கூரை ஒழுகும், வாளி வைப்பார்கள். ஓடுதளத்தில் ஆட்கள் ஓடிக்கொண்டிருக்க நடுவில் இவர்கள் பயிற்சி. முதல் சீசன் 12 வெற்றி, 15 தோல்வி. இப்படிப்பட்ட ஓர் இடத்துக்கு வா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களிடம் போய்ப் பேசவேண்டும், பேசி நம்பவைக்கவேண்டும். அந்தப் பாரத்தில் பாதிக்குமேல் சுமந்தவர் டெய்லி. 1991இல் முதல் ஃபைனல் ஃபோர் (என்சிஏஏ போட்டியின் கடைசி நான்கு அணிகள்), 1995இல் 35 ஆட்டம் 35 வெற்றி என்று முதல் சாம்பியன்ஷிப், 2025 ஏப்ரலில் பன்னிரண்டாவது. பன்னிரண்டுக்கும் அதே பெஞ்சில் அதே ஆள். 1988 முதல் பதவிக்குப் பெயர் அசோசியேட் ஹெட் கோச், அதாவது அசிஸ்டென்ட்டுகளில் முதல் ஆள். வேறு கல்லூரிக்குப் போய் ஹெட் கோச் ஆக நினைத்திருந்தால் கதவு திறக்காமலா இருந்திருக்கும்? போகவில்லை. 2018இல் பெண்கள் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

மற்ற மூன்று பேரைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

மூன்றாம் குவார்ட்டர்

கோர்ட்டோரம் சார் சொல்வதில் தப்பு இல்லை, ஆனால் டெய்லியைக் காட்டி ஒரு பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பக்கூடாது. ஒரே கல்லூரி, ஒரே ஹெட் கோச், நாற்பது வருடம், இது நடக்கவே நடக்காத விஷயம். நூற்றில் தொண்ணூறு பேருக்கு நடப்பதைச் சொல்லவேண்டும்.

நடப்பது என்னவென்றால், ஹெட் கோச் வேலை போனால் கூட இருக்கிற அசிஸ்டென்ட் அத்தனை பேருக்கும் வேலை போகும். நீ நன்றாக வேலை செய்தாயா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. புதிதாக வருகிற ஹெட் கோச் தன் ஆட்களோடு வருவார், அவ்வளவுதான். மார்ச் மாதம் அணி தோற்றது என்றால் ஏப்ரலில் வீட்டுச் சாமானைக் கட்டவேண்டும். பல கல்லூரிகளில் ஒப்பந்தமே வருடத்துக்கு வருடம்தான். கல்யாணம், குழந்தை, கணவன் வேலை, எல்லாவற்றையும் இதற்குள் பொருத்தவேண்டும்.

ஜமெல் எலியட்டைப் பாருங்கள். 1995இல் தோற்காத அந்த கனெக்டிகட் அணியில் ஆடியவர். 1997இலிருந்து 2009 வரை அங்கேயே அசிஸ்டென்ட். சின்சினாட்டிக்கு ஹெட் கோச்சாகப் போனார், ஒன்பது சீசன், 2018இல் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உலகத்திலேயே நல்ல இடத்தில் பன்னிரண்டு வருடம் கற்றுக்கொண்டவருக்கே அந்த நிலை. ஹாலி வார்லிக் கதை இன்னும் கஷ்டம், அதை நீங்களே எழுதப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்டோர்ஸ் பக்கம்

எலியட் கதையை 2018இலேயே நிறுத்திவிட்டீர்களே. அவர் கனெக்டிகட்டுக்கே திரும்பி வந்தார், முதலில் விளையாட்டுத் துறை அலுவலகத்தில் ஒரு வேலை, 2020இல் மறுபடியும் அதே பெஞ்சில் அசிஸ்டென்ட். டோன்யா கார்டோசாவும் அப்படித்தான், கனெக்டிகட்டில் பதினான்கு வருடம் அசிஸ்டென்ட், அப்புறம் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 2008 முதல் 2022 வரை ஹெட் கோச், அதற்குப் பின் திரும்பி இங்கேயே. ஹெட் கோச் நாற்காலியை விட்டு வந்தவர்கள் அசிஸ்டென்ட் வேலையைக் குறைவாக நினைத்து வருவதில்லை. இந்த வேலையின் ருசி தெரிந்துதான் வருகிறார்கள்.

நான் கனெக்டிகட் பல்கலைக்கழகம் இருக்கும் இந்த ஸ்டோர்ஸ் ஊர்ப் பக்கம் குடியிருப்பவன், ஆட்டங்களுக்குப் போகிற பழக்கம் உண்டு. ஆட்டம் நடக்கும்போது எல்லோரும் ஜீனோவைப் பார்ப்பார்கள், நான் டெய்லியைப் பார்ப்பேன். ஒரு பெண்ணை வெளியே எடுத்து உட்காரவைத்தால் முதலில் அவள் பக்கம் திரும்புவது பெரும்பாலும் அவர்தான். ஜீனோ திட்டி அனுப்பியிருப்பார், அந்தப் பிள்ளை துண்டால் முகத்தை மூடியிருப்பாள், டெய்லி குனிந்து ஏதோ இரண்டு வாக்கியம் சொல்வார், துண்டு கீழே இறங்கும். என்ன சொன்னார் என்று மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்காது. ஆனால் அந்தப் பிள்ளை திரும்ப உள்ளே போய் ஆடுகிற ஆட்டம் தெரியும்.

2021 மார்ச்சில் ஜீனோவுக்குக் கொரோனா. அணி சான் ஆன்டோனியோவில், அவர் வீட்டில். என்சிஏஏ போட்டியின் முதல் இரண்டு ஆட்டத்தையும் டெய்லிதான் நடத்தினார். ஹை பாயிண்ட்டை 102-59, சிராக்யூஸை 83-47. வருடக்கணக்கில் ஜீனோ வரமுடியாமல் போன ஆட்டங்களில் டெய்லி நின்று அணி தோற்றதே இல்லை என்பது எங்கள் ஊர் ரசிகர்கள் பெருமையாகச் சொல்லும் விஷயம். 2024 நவம்பரில் ஜீனோ 1,217ஆவது வெற்றியோடு, அதிக வெற்றி பெற்ற கோச் என்ற டாரா வான்டர்வீரின் சாதனையைத் தாண்டியபோதும், அன்றைய விழா இரண்டு பேரின் நாற்பதாவது சீசனுக்கும் சேர்த்துத்தான் நடந்தது. பழைய வீராங்கனைகள் அவ்வளவு பேர் வந்திருந்தார்கள், ஜீனோவுக்குச் சமமாக டெய்லிக்கும் கைதட்டல்.

பின்னி பையன்

நான் கொஞ்சம் உள்ளிருந்து சொல்லமுடியும். இங்கே மாஸ்டர்ஸ் படிக்கும்போது பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குப் பிராக்டிஸ் பிளேயராக இருந்தேன். தெரியாதவர்களுக்கு: பெரும்பாலான டிவிஷன் 1 பெண்கள் அணிகள் பயிற்சியில் எதிரணியாக ஆடுவதற்கு ஆண் மாணவர்களை வைத்துக்கொள்ளும். பணம் கிடையாது, ஷூ தருவார்கள். எங்களை மேய்ப்பது அசிஸ்டென்ட் கோச்சுகள்தான்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்த ஆட்டத்தின் ஸ்கவுட், அதாவது எதிரணியை அலசிக் குறிப்பெடுக்கும் பொறுப்பு, யாருடையதோ அந்தக் கோச் வந்து ஆளுக்கொரு நம்பர் எழுதிய பின்னியை (சட்டைக்கு மேல் மாட்டும் கையில்லா மேலாடை) வீசுவார். நீ 12, நீ 24, நீ 5. அன்றைக்கு நான் எதிரணியின் 12ஆம் நம்பர் பெண். இடது கைக்காரி. ஸ்கிரீன் (கூட ஆடுபவள் வழிமறித்துத் தரும் மறைப்பு) கிடைத்தால் இடது பக்கம் இரண்டு டிரிபிள் வைத்து நின்று ஷூட் பண்ணுவாள், வலது பக்கம் தள்ளினால் பந்தைக் கொடுத்துவிடுவாள். நான் அப்படியே ஆடவேண்டும். ஒருமுறை காலியாக இருக்கிறதே என்று மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டுவிட்டேன், பந்து உள்ளேயும் போயிற்று, கோச் விசில் ஊதி நிறுத்தி, "12 அங்கிருந்து போடமாட்டாள், நீ போட்டால் என் பிள்ளைகள் இல்லாத ஒன்றுக்குத் தயாராவார்கள்" என்றார். அவர் அந்த அணியின் ஆறேழு ஆட்டத்தை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எதிரணியின் ஒவ்வொரு செட்டுக்கும், அதாவது முன்கூட்டியே வகுத்துவைத்த ஆட்டமுறைக்கும், அவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், என்ன கைஜாடை, எல்லாம் அவர் நோட்டில் இருந்தது.

ஆட்டத்தன்று நான் மேலே உட்கார்ந்து பார்க்கிறேன். எதிரணி பாயிண்ட் கார்ட் முஷ்டியை உயர்த்துகிறாள். அதற்குள் எங்கள் பெஞ்சிலிருந்து அந்த அசிஸ்டென்ட் எழுந்து செட்டின் பெயரைக் கத்துகிறார். நிஜமான 12 ஸ்கிரீனைச் சுற்றி வரும்போது எங்கள் பெண் ஏற்கெனவே அவள் இடது பக்கத்தில் நிற்கிறாள். 12 வலது பக்கம் போனாள், பந்தைக் கொடுத்துவிட்டாள். டிவியில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். ஸ்கோர் ஷீட்டிலும் ஏறாது.

ஒரு சீசனுக்கு முப்பது ஆட்டம் என்றால் மூன்று அசிஸ்டென்ட்டும் பிரித்துக்கொள்வார்கள், ஆளுக்குப் பத்து. உன் ஸ்கவுட்டில் ஜெயித்தது எத்தனை, தோற்றது எத்தனை என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு ஓடும்.

கோர்ட்டோரம்

பின்னி பையன் எழுதியதுதான் இந்த வேலையின் பாதி. மற்றப் பாதி ரெக்ரூட்டிங், பள்ளி வீராங்கனைகளைத் தேடிப் பேசி அணிக்குக் கொண்டுவருவது. அதைச் சொல்ல மிக்கி டிமாஸை விட்டால் ஆள் இல்லை.

1990 செப்டம்பர். பேட் சம்மிட் நிறைமாத கர்ப்பிணி. பென்சில்வேனியாவில் மிஷெல் மார்சினியாக் என்று ஒரு பள்ளி வீராங்கனை, அவள் வீட்டுக்குப் போய்ப் பேசவேண்டும். சம்மிட் போகிறார், கூட டிமாஸ். போன இடத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. அந்த நிலையிலும் பேசவந்ததைப் பேசிவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள். வழியில் விமானி விர்ஜீனியாவில் இறக்கிவிடுகிறேன் என்கிறார், சம்மிட் மறுக்கிறார். அதற்கு முந்தின மார்ச்சில் விர்ஜீனியாவிடம் தோற்றுத்தான் டென்னசி வெளியே போயிருந்தது, என் பிள்ளை அந்த மாநிலத்தில் பிறக்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம். நாக்ஸ்வில் போய்ச் சேர்ந்துதான் மகன் டைலர் பிறந்தான். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சம்மிட்டின் வைராக்கியத்தைச் சொல்வார்கள், நியாயம்தான். நான் பக்கத்து சீட்டை யோசிப்பேன். பிரசவ வலியில் இருக்கும் முதலாளி, பேசி முடிக்கவேண்டிய குடும்பம், விமானி, மருத்துவமனை, அத்தனையையும் ஒரே ராத்திரியில் பக்கத்திலிருந்து சமாளித்தது ஓர் அசிஸ்டென்ட் கோச். அந்த மார்சினியாக் முதலில் நோட்டர் டேம் போனார், அங்கிருந்து டென்னசிக்கே மாறி வந்தார், 1996இல் சாம்பியன்ஷிப் வாங்கியபோது ஃபைனல் ஃபோரின் சிறந்த வீராங்கனை அவர்தான்.

ரெக்ரூட்டிங் என்றால் இதுதான், ஒரு பிள்ளையைப் பதினைந்து வயதில் பார்த்துவிட்டால் ஆறு வருடம் வரை நூல் அறுந்துவிடாமல் பிடித்துக்கொள்வது. ஜூலை மாதம் முழுக்க எட்டு கோர்ட், பத்து கோர்ட் உள்ள பெரிய கொட்டகைகளில் ஏஏயூ என்கிற கிளப் அணிகளின் ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது, அவள் கிளப் கோச்சின் நம்பர், அம்மாவின் நம்பர், பாட்டிக்கு உடம்பு எப்படி என்பது வரை தெரிந்துவைத்திருப்பது. 2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற நினைப்பவர்கள் பெயர் பதியும் தளம்) வந்தது, 2021இல் ஒருமுறை மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்காரவேண்டாம் என்றும் ஆனது, அதே வருட ஜூலையில் வீராங்கனைகள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி வந்தது. இப்போது வெளியில் தேடுவது போதாது, சொந்த அணியில் இருப்பவர்களையே ஒவ்வொரு மார்ச், ஏப்ரலிலும் மறுபடி ரெக்ரூட் பண்ணவேண்டும். அந்தப் பேச்சையும் பெரும்பாலும் அசிஸ்டென்ட்டிடம்தான் பிள்ளைகள் பேசுவார்கள்.

இப்போது டிமாஸின் வழி. அவர் டென்னசிக்கு வருமுன்பே ஃபுளோரிடாவில் ஹெட் கோச்சாக இருந்தவர். அதை விட்டு அசிஸ்டென்ட் ஆனார். பதினெட்டு வருடம் டென்னசியில், ஆறு சாம்பியன்ஷிப். 2003இல் கென்டக்கி ஹெட் கோச்சாகக் கூப்பிட்டது, போனார். 2006 ஜனவரியில் முதல் இடத்தில் இருந்த டென்னசியையே தோற்கடித்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது 2007இல் தானாகவே ராஜினாமா செய்துவிட்டு டெக்சஸில் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தார். யாரும் துரத்தவில்லை, அந்த நாற்காலியில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. 2010இல் திரும்ப டென்னசிக்கே. 2018இல் ஹால் ஆஃப் ஃபேம், டெய்லி சேர்ந்த அதே வருடம். டென்னசியும் கனெக்டிகட்டும் எப்படிப்பட்ட எதிரிகள் என்று உங்களுக்குத் தெரியும், அந்த இரண்டு பெஞ்சின் அசிஸ்டென்ட்டுகளும் ஒரே மேடையில்.

வார்லிக் வேறு மாதிரி. டென்னசியிலேயே ஆடியவர், இருபத்தேழு வருடம் சம்மிட்டின் அசிஸ்டென்ட். 2011 ஆகஸ்டில் சம்மிட் தனக்கு மறதி நோய் என்று அறிவித்தார். அந்த சீசனில் பெயர் சம்மிட்டுடையது, வேலையின் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் வார்லிக்கும் டிமாஸும் டீன் லாக்வுட்டும். யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்கிற பொறுப்பு இல்லை அது. தன் குருவின் கண் முன்னாலேயே குருவின் வேலையைச் செய்வது, அவர் மனம் நோகாமல் செய்வது. 2012இல் ஹெட் கோச் ஆனார், முதல் சீசனிலேயே எஸ்இசி (டென்னசி ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) பட்டம், மூன்று முறை என்சிஏஏ போட்டியில் எலைட் எய்ட் என்கிற கடைசி எட்டு வரை. 2019இல் முதல் சுற்றில் தோற்றதும் எடுத்துவிட்டார்கள். 172 வெற்றி, 67 தோல்வி வைத்திருந்த ஆளை. டென்னசியின் எட்டு சாம்பியன்ஷிப்பிலும் பெஞ்சில் இருந்தவருக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மல்கியை எல்லோருக்கும் தெரியும். பதினைந்து வருடம் லூசியானா டெக்கில் பார்மோரிடம். 2000இல் பார்மோர் விலகுவதாகச் சொன்னார், இவருக்கே வேலையைக் கொடுக்க முன்வந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம் வேண்டும் என்றார், கல்லூரி ஒத்துவரவில்லை. ஒப்பந்தத்தின் நீளம் என்பது நம்பிக்கையின் நீளம், அது அவருக்குத் தெரிந்திருந்தது. முந்தின சீசனில் 7 வெற்றி, 20 தோல்வி கண்டிருந்த பேய்லருக்குப் போனார், 2005, 2012, 2019 மூன்று சாம்பியன்ஷிப், அப்புறம் எல்எஸ்யூவில் 2023. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு: 2008இல் அந்தப் பார்மோரே பேய்லருக்கு வந்து மல்கியிடம் அசிஸ்டென்ட்டாக உட்கார்ந்தார். தன்னிடம் பதினைந்து வருடம் அசிஸ்டென்ட்டாக இருந்த பெண்ணிடம்.

தாழ்வாரம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு கேள்வி. பெண்கள் அணிக்குப் பெண்கள்தான் கோச்சாக வருவார்கள், ஆகவே போட்டி குறைவு என்று நினைக்கலாமா? என் மகளும் பள்ளியில் ஆடுகிறாள், எதிர்காலத்துக்குக் கேட்டுவைக்கிறேன். சம்பளமும் யாராவது சொல்லுங்கள்.

மூன்றாம் குவார்ட்டர்

இல்லை மேடம், நினைக்கமுடியாது. 1972இல் கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரச்சொல்லும் டைட்டில் 9 சட்டம் வந்தபோது கல்லூரிப் பெண்கள் அணிகளின் கோச்சுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் பெண்கள். சட்டம் வந்து பணமும் சம்பளமும் வந்ததும் ஆண்களும் வந்தார்கள், எல்லா விளையாட்டும் சேர்த்துப் பார்த்தால் இப்போது பாதிக்கும் கீழே. கூடைப்பந்தில் மற்றவற்றைவிடப் பரவாயில்லை. நோட்டர் டேமில் மஃபெட் மெக்ரா 2012இலிருந்து முழுக்கப் பெண்களை மட்டுமே தன் ஸ்டாஃபில் வைத்தார், 2019இல் அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார், ஊரெல்லாம் பேச்சானது. அவர் விலகியதும் 2020இல் வந்தது நீல் ஐவி. அங்கேயே ஆடி, அங்கேயே பன்னிரண்டு வருடம் அசிஸ்டென்ட்டாக இருந்து, ஒரு சீசன் என்பிஏவில் மெம்பிஸ் அணிக்குப் போய்விட்டு வந்தவர். ஒருவர் கதவைத் திறந்துவைத்தால்தான் அடுத்தவர் உள்ளே வரமுடியும் என்பதற்கு அதுதான் சாட்சி.

சம்பளம் படிக்குப் படி மாறும். எஸ்இசி போன்ற பெரிய கான்ஃபரன்ஸில் அசிஸ்டென்ட்டுக்கே ஆறு இலக்க டாலர். சின்ன டிவிஷன் 1 கல்லூரியில் பள்ளி ஆசிரியர் சம்பளம் அளவுக்கு வந்தாலே நல்லது. கீழ்ப்படியில் வாடகை கொடுத்ததுபோக மிச்சம் இருக்காது. இதை அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு ஏற்றுக்கொள்ளவேண்டும்.

ஸ்டோர்ஸ் பக்கம்

லிசா பாயரை யாரும் சொல்லவில்லையே! டான் ஸ்டேலி சவுத் கரோலினாவில் மூன்று சாம்பியன்ஷிப் வாங்கியிருக்கிறாரே, 2017, 2022, 2024, மூன்றிலும் பக்கத்தில் இருப்பவர் பாயர். அவர் ஒருகாலத்தில் ஸ்டேலிக்கே ஹெட் கோச், ஏபிஎல் என்ற பழைய தொழில்முறை லீகில். 2001-02இல் என்பிஏவின் கிளீவ்லண்ட் அணி ஸ்டாஃபில் வேலை பார்த்தார், என்பிஏ கோச்சிங் ஸ்டாஃபில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். அதற்குப் பின் டெம்பிளில் தன் பழைய வீராங்கனையிடம் அசிஸ்டென்ட்டாக வந்து சேர்ந்தவர், அவரோடு சவுத் கரோலினாவுக்கும் போனார், இன்றுவரை பிரியவில்லை. 2025 இறுதி ஆட்டத்தில் ஒரு பெஞ்சில் டெய்லி, மறு பெஞ்சில் பாயர். எங்கள் அணி ஜெயித்தது, ஆனாலும் அந்த இரண்டு பேரையும் ஒரே கோர்ட்டில் பார்த்ததில் எனக்குத் தனி சந்தோஷம்.

எடிசன்வாசி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மொத்தத்தையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பார்மோர் மல்கியிடம் வேலைக்கு வந்ததை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். பின்னி பையன் எழுதியதைக் கேட்டுவிட்டு, இது கணக்குத் தெரிந்தவள் செய்யவேண்டிய வேலையாகத்தான் இருக்கிறது என்றார். முழுச் சம்மதம் இல்லை, ஆனால் குரல் இறங்கியிருக்கிறது. அவர் கேட்பது இதுதான்: இரண்டு வருடம் முடியும்போது இவள் இதற்குத் தேறுவாளா என்று எப்படித் தெரியும்? அங்கே போய் என்ன கற்றுக்கொள்ளவேண்டும்?

பின்னி பையன்

கிராஜுவேட் அசிஸ்டென்ட் வேலையில் முதல் வருடம் பெரும்பாலும் வீடியோ, விமான டிக்கெட், சாப்பாட்டு ஆர்டர், துவைத்த பயிற்சி உடை என்று போகும். அதில் வீடியோவை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சினர்ஜி என்று ஒரு மென்பொருள், எல்லாக் கல்லூரியிலும் இருக்கும், அதில் எதிரணி ஆட்டத்தை வெட்டி எட்டு நிமிடத்துக்குள் அடக்கத் தெரிந்தால் அசிஸ்டென்ட்டுகள் இவளைத் தேடி வருவார்கள். நாற்பது நிமிடம் போட்டால் வீராங்கனைகள் தூங்கிவிடுவார்கள், எதை விடவேண்டும் என்று தெரிவதுதான் திறமை. யாரும் கேட்காமலே ஓர் எதிரணிக்குத் தானாக ஸ்கவுட் எழுதி, அந்த ஸ்கவுட்டைச் செய்யும் கோச்சின் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோர்ட்டோரம்

அதோடு இன்னும் இரண்டு. முன்பு ஒரு அணிக்கு ஹெட் கோச்சும் மூன்று அசிஸ்டென்ட்டும்தான். 2023இலிருந்து கூடுதலாக இரண்டு பேர் கோர்ட்டில் பயிற்சி தரலாம், வெளியே போய் ரெக்ரூட் பண்ணத்தான் கூடாது என்று விதி வந்தது. இளம் கோச்சுகளுக்கு உள்ளே நுழைய அதனால் இடம் கூடியிருக்கிறது. அவள் குறிவைக்கவேண்டியது அந்த இடங்களைத்தான். இரண்டாவது, ஒவ்வொரு வருடமும் ஃபைனல் ஃபோர் நடக்கும் ஊரிலேயே பெண்கள் கூடைப்பந்து கோச்சுகள் சங்கத்தின் மாநாடு நடக்கும். பாதி வேலைகள் அங்கே காரிடாரில் நின்று பேசித்தான் முடிவாகின்றன. முதல் வருடமே எப்படியாவது போகவேண்டும்.

தேறுவாளா என்ற கேள்விக்கு, இரண்டாம் வருடக் கடைசியில் அந்த அணியின் பெண்கள் ஏதாவது பிரச்சினை என்றால் இவள் அறைக்கு வருகிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் தேறிவிட்டாள். வராவிட்டால் ஆக்சுவரி தேர்வு எங்கேயும் போகாது.

அப்புறம், அவள் யாரிடம் போய்ச் சேர்கிறாள் என்பதை விசாரியுங்கள். அந்த ஹெட் கோச்சிடம் வேலை பார்த்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவரிடமிருந்து போய் நல்ல வேலையில் இருப்பவர்கள் நான்கைந்து பேர் இருந்தால் தாராளமாகப் போகலாம். அங்கே வருடாவருடம் ஸ்டாஃப் மாறிக்கொண்டே இருந்தால் யோசிக்கவேண்டும்.

எடிசன்வாசி

பார்த்தேன் சார், நீங்கள் சொன்ன மாதிரியே கல்லூரித் தளத்தில் பழைய ஸ்டாஃப் பட்டியலைத் தேடினேன். அவரிடம் இருந்தவர்களில் இரண்டு பேர் இப்போது ஹெட் கோச், மூன்று பேர் பெரிய கல்லூரிகளில் அசிஸ்டென்ட். சனிக்கிழமை அண்ணன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறோம். வந்த கடிதத்தில் ஆகஸ்டிலிருந்து மே வரைக்கும்தான் பணம் என்று இருக்கிறது, ஜூன் ஜூலைக்கு என்ன செய்வாள் என்று அண்ணி கேட்கிறார்.

பின்னி பையன்

ஜூனில் கல்லூரியிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு கேம்ப் நடக்கும், அதில் வேலை பார்த்தால் தனியாகப் பணம் உண்டு. தங்குவதற்கு மாணவர் விடுதியில் அறை தருவார்களா என்பதையும் சேர்த்து, கையெழுத்துப் போடுமுன் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுவிடச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம்.